மணல் செய்யும் கிளிமீன்

பள்ளி விடுமுறையில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளுக்குப் போனவர்கள் அங்குள்ள வெள்ளை மணலை மறக்க மாட்டார்கள். அந்த மணலில் ஒரு பங்கு மீனின் குடலுக்குள் போய் வெளியே வந்தது என்றால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். உண்மை அதுதான். அதைச் செய்வது கிளிமீன். மலாய்க்காரர்கள் 'இக்கான் பாயான்' என்பார்கள். பாயான் என்றாலும் கிளிதான்.

பற்கள் ஒன்றாக இறுகிக் கிளியின் அலகுபோல் இருப்பதால் இந்தப் பெயர். அந்த அலகில் ஏறக்குறைய 1,000 பற்கள், 15 வரிசைகளாக அடுக்கியிருப்பதை 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். முன்வரிசை தேய்ந்து விழ, அடுத்த வரிசை முன்னே வரும். இந்த மீன் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்னும். கூடவே வரும் பவளச் சுண்ணாம்பைத் தொண்டையில் இருக்கும் இன்னொரு பல் அரைத்துவிடும், நம் அம்மிக்கல் போல. இரைப்பை கிடையாது. சத்து குடலில் சேர, மிச்சம் மணலாக வெளியேறும். சபாவின் சிப்பாடான் தீவில் அதிகாலையில் கூட்டமாக வரும் தலைப்புடைத்த கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் விழுங்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு விந்தை, பல இனங்களில் பெண்ணாக வளரும் மீன் பிறகு ஆணாக மாறுவது. மங்கிய பழுப்பு நிறம் போய்ப் பச்சையும் நீலமும் ஏறும். சில இனங்கள் இரவில் வாயிலிருந்து வரும் வழவழப்பால் கொசுவலைபோல் உறை கட்டி உறங்கும். இரத்தம் உறிஞ்சும் சிறு கடற்பூச்சிகள் அண்டாமலிருக்க அது உதவுகிறது.

உறக்கமே ஆபத்தாகவும் முடிகிறது. தலைப்புடைத்த கிளிமீன்கள் ஆழமில்லாத இடத்தில் கூட்டமாக உறங்கும்போது, டார்ச் லைட்டுடன் போகிறவர் ஒரே இரவில் பலவற்றைக் குத்திவிடலாம். பல நாட்டுக் கடல்களில் இவை குறைந்துபோனதற்கு அது ஒரு காரணம். கிளிமீன் குறைந்த இடத்தில் பாசி தழைத்துப் பவளக் குஞ்சுகளுக்கு இடமில்லாமல் போகும். பெலீஸ் நாடு 2009-லேயே கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்தது. நம் நாட்டில் கடல் பூங்காத் தீவுகளைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை உண்டு; அதற்கு வெளியே பிடிபட்டவை சந்தைக்கு வருகின்றன. சதை மென்மை, குழம்புக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் கெம்போங்கும் செலாரும் பக்கத்திலேயே கிடைக்கும்போது, பச்சை நிறத்தில் பெரிதாகக் கிடக்கும் அதை என்னால் வாங்க முடிவதில்லை.