வழியில் அணைந்த விளக்கு

2023-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, அருப்புக்கோட்டையில் நம் முன்னோர் துயிலும் இடத்திற்குச் சென்று, மந்திரிப்பு முடியும் வரை இருந்து, மெழுகுதிரிகளை ஏற்றி வைத்து, நன்றாக இருட்டிய பின்னரே பரளச்சிக்குப் புறப்பட்டோம். நாம் மோட்டார் சைக்கிளை ஓட்ட, மைத்துனர் பின்னால் அமர்ந்திருந்தார். அன்று பகலில் மழை பெய்திருந்தது. சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம் களியாகக் கிடக்க, சீமைக்கருவேலம் இருளோடு இருளாக நின்றது. இந்த வட்டாரத்துச் சாலைகளை அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஓர் ஊரைக் கடந்தால் அடுத்த ஊரின் வெளிச்சம் தென்படும் வரையில் நம் வண்டியின் விளக்கே நமக்குத் துணை.

நகரை விட்டு வெளியேறும்போதே மைத்துனர் கேட்டார்: "அத்தான், ஹாரன் என்ன சளி பிடித்தாற்போல் கத்துகிறது?"

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், மாப்பிள்ளை" என்றோம்.

உண்மையைச் சொல்வதானால், அந்த ஒரு வாரமாகவே வண்டி நமக்குச் சேதி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காலையில் செல்ஃப் பித்தானை அழுத்தினால் 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிடும்; கிக்கரை உதைத்தால்தான் கிளம்பும். பிரேக்கை மிதித்தால் மீட்டரின் வெளிச்சம் ஒரு கணம் மங்கும். இண்டிகேட்டர் களைத்தவன் கண் சிமிட்டுவதுபோல் சிமிட்டும். இவற்றையெல்லாம் கண்டும் காணாதவராய் இருந்தோம். தீபாவளிக்கு முன் சர்வீசுக்கு விடத்தானே போகிறோம் என்ற எண்ணம்!

பாதி வழியில் ஹெட்லைட் மஞ்சளாகியது. பின்னர் செம்மண் நிறமாகியது. இரண்டு நிமிடங்களில் எஞ்சின் இருமுறை இருமி நின்றது. அதனுடன் விளக்குகள் யாவும் அணைந்தன. வண்டியைச் சாலையை விட்டு இறக்க முயன்றோம். தார் விளிம்பைத் தாண்டியதும் சக்கரம் களியில் புதைந்தது. ஆகவே பாதி உடல் தாரின்மேலும் பாதி மண்ணிலுமாக வண்டி நின்றது. அப்போதுதான் பின்னாலிருந்து கரிமூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது.

மைத்துனர் சமயோசிதமாகத் தம் கைப்பேசியின் விளக்கைப் போட்டு, தலைக்கு மேலே தூக்கி வீசி ஆட்டினார். லாரி வலப்புறம் ஒடிந்து, கிறீச்சிட்டு, நம்மைக் கடந்து சற்றுத் தொலைவில் நின்றது. ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். திட்டுவார் என்றே எதிர்பார்த்தோம். அவரோ நம்மைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார். "பெரியவரே, உங்கள் வண்டி என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அந்தக் கை வெளிச்சம் மட்டுந்தான் தெரிந்தது" என்றார். வண்டியைக் களியிலிருந்து மீட்டு ஓர் ஓரமாகச் சேர்க்க உதவியவரும், நம்மைத் தம் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஊரில் இறக்கிவிட்டவரும் அவரே.

பத்துக் கன்னியர் உவமையைக் கோவிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். விளக்கு எல்லாரிடமும் இருந்தது, எண்ணெய்தான் சிலரிடம் இல்லை என்பதன் பொருள் அந்தச் சாலை ஓரத்தில் நமக்கு வேறு விதமாகப் புலப்பட்டது. மெக்கானிக்குகள் அந்த எண்ணெயைச் 'சார்ஜ்' என்கிறார்கள்.

மறுநாள் காலை வண்டியைப் பார்த்த மெக்கானிக் முதலில் பாட்டரியைத் தொடவில்லை. இருக்கையைக் கழற்றி, சட்டத்தோடு பொருத்தப்பட்டிருந்த, விசிறிக் கீற்றுப்போல் மடிப்பு மடிப்பான ஓர் உலோகப் பெட்டியிலிருந்து வந்த கப்ளரைப் பிடுங்கிக் காட்டினார். அதன் ஒரு முனை கருகி, பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, பாட்டரி தானாகச் சாகவில்லை. அதற்கு ஒரு வாரமாகச் சோறு போகவில்லை" என்றார்.

இதனை விளங்கிக்கொள்ள நம் கண்மாய்களை நினைத்தாலே போதும். எஞ்சினின் பக்கவாட்டில், சுழலும் காந்தத்தோடு இணைந்து செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. மேக்னட் காயில் என்று பட்டறைகளில் வழங்கும் அதுவே வரத்துக்கால். எஞ்சின் ஓடினால்தான் அதில் மின்சாரம் வரும். வேகம் கூடக்கூட அதுவும் கூடும். பாட்டரிதான் கண்மாய். விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் ஆகியன வயல்கள். வரத்துக்கும் கண்மாய்க்கும் நடுவில் நிற்கும் அந்த மடிப்புப் பெட்டி 'ஆர்.ஆர். யூனிட்' எனப்படும். முன்னும் பின்னும் அலையும் மின்னோட்டத்தை ஒரே திசையில் திருப்பிவிடுவதும், அளவுக்கு மேல் வந்ததைக் கலிங்கு போல் வெளியேற்றி விடுவதும் அதன் வேலை. பெரும்பாலான வண்டிகளில் அவ்வாறு வெளியேறும் மிகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. அதனாலன்றோ அந்தப் பெட்டிக்கு மடிப்புகளும் காற்றோட்டமும் வைத்திருக்கிறார்கள்! அதன்மேல் துணியைச் சுற்றுவதும் மண்ணப்ப விடுவதும் கலிங்கை அடைப்பதற்கு ஒப்பாகும்.

நம் வண்டியில் கலிங்கு கெடவில்லை; வாய்க்கால்தான் அடைபட்டது. கப்ளரின் முனை தளர்ந்து, அதில் மழைநீர் புகுந்து பாசம் பிடித்து, தளர்ந்த இடத்தில் சூடேறிக் கருகியிருந்தது. அதனை விரைவுபடுத்திய பெருமை நம் வீட்டுப் பிள்ளையைச் சாரும். சென்ற கோடையில் அவன் கைப்பிடிக்குக் கீழே இரண்டு எல்.இ.டி. விளக்குகளை அழகுக்காக மாட்டி, அவற்றுக்கான வயரை நேரே பாட்டரியில் முறுக்கி வைத்திருந்தான். நடுவில் ஃபியூஸ் இல்லை, ரிலே இல்லை. கண்மாய்க்கு வரத்து ஒன்று, மடை மூன்று!

கணக்கும் எளியதே. 35 வாட் ஹெட்லைட் ஒன்று 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். சிறிய வண்டிகளின் பாட்டரியோ 4 ஆம்பியர்-மணி அளவினது. வரத்து நின்றுவிட்டால், புதிய பாட்டரியானாலும் ஹெட்லைட்டை மட்டும் ஒரு மணி நேரம் தாங்கும். எரிபொருள் பம்பும் டேஞ்சர் லைட்டும் ஹாரனும் சேர்ந்தால் அதிலும் குறையும். பழைய பாட்டரியானால் நாம் நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும்.

இங்கே ஒரு மாறுதலை நம் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நலம். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் நேரே காயிலிலிருந்து எரிந்தது. வேகம் குறைந்தால் மங்கும், கூடினால் பளிச்சிடும். பாட்டரியே இல்லாமற்போனாலும் அவை ஊர் வந்து சேர்ந்தன. 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் தயாராகும் இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. (அது வந்த புதிதில், பகலில் விளக்கு எரிகிறது என்று எதிரில் வருவோர் எல்லாரும் விரல்களை விரித்து மூடிச் சைகை காட்டியதை மறக்க முடியுமா?) 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபின், பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்சாரத்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்தது. ஆகவே இன்றைய வண்டிக்கு மின்சாரம் வெளிச்சம் மட்டுமன்று, மூச்சும் அதுவே. அடியோடு வறண்ட பாட்டரியை வைத்துக்கொண்டு அதனைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாலும் பலிக்காது. ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டியில் மின்னழுத்தம் தாழ்ந்தால் அந்த ஏற்பாடும் ஓய்ந்து, மஞ்சள் விளக்கு எரியும். பிரேக் பிடிக்கும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் துணை இராது.

1955-இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கப்பெற்ற புல்லட் மோட்டார் சைக்கிளில், ஹெட்லைட்டின் தலைமேலேயே ஆம்பியர் மானி ஒன்று நெடுங்காலம் இருந்தது. முள் வலப்புறம் சாய்ந்தால் சார்ஜ் ஏறுகிறது, இடப்புறம் சாய்ந்தால் இறங்குகிறது. கிளைப் பங்குகளுக்குப் புல்லட்டில் சென்று வந்த பழைய சாமியார்கள் சாலையைப் பார்த்ததற்கு அடுத்தபடி அந்த முள்ளைத்தான் பார்ப்பார்கள். இன்று பல வண்டிகளில் அந்த முள் இல்லை. நம் காதும் கண்ணுமே முள்ளாக இருக்க வேண்டியதாயிற்று.

மெக்கானிக்கிடம் உள்ள மல்டிமீட்டர் என்ற சிறு கருவி அக்குறையைத் தீர்க்கும். எஞ்சின் ஓடாதபோது நல்ல பாட்டரி 12.6 வோல்ட்டோ சற்று மேலாகவோ காட்டும். 12.4-க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும். 12 என்றால் ஏறக்குறைய வறண்ட கண்மாய். எஞ்சினை ஓடவிட்டு நடுத்தரமாக முறுக்கினால் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். 13-ஐத் தொடவில்லையானால் புதுப் பாட்டரி வாங்கிப் போடுவதில் பயனில்லை. அதுவும் ஒரு வாரத்தில் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினால் கலிங்கு வேலை செய்யவில்லை என்று பொருள்: பல்புகள் அடிக்கடி போகும், பாட்டரி வயிறு உப்பும். ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமலே பாட்டரியை மாற்றிவிட்டுப் பணத்தை இழந்தவர்கள் நம்மிடையே பலர்.

நம் வெயிலையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டரி இருக்கும் இடத்தின் வெப்பம் 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது அத்துறையினர் கொள்ளும் பொதுக் கணக்கு. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகையின் கீழ் நிற்கும் வண்டியைத் தொட்டுப் பார்த்தால் அக்கணக்கு விளங்கும். நீர் ஊற்றும் வகைப் பாட்டரியானால் கோடையில் மாதந்தோறும் அளவு பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே விட வேண்டும். நம் உப்புக் கிணற்று நீர் அதற்கு நஞ்சு. டெர்மினலில் பூக்கும் வெண்பூவைக் கையால் துடைத்துவிட்டு அதே கையால் கண்ணைத் தேய்க்கலாகாது. அமிலம் கலந்தது அது. சார்ஜ் ஏறும் பாட்டரியருகே பீடி பற்ற வைப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு சிறு பொறியிலும் வெடிக்கும். மாட்டுக் கொட்டத்தில் பருத்திக்கொட்டை மூட்டையருகே வண்டியை நிறுத்துவோர், எலி கொறித்த வயர் உண்டா என்று அவ்வப்போது இருக்கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

நாம் மிக அஞ்சுவது ஃபியூஸ் விஷயத்தில்தான். 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் போனால், அது தன் கடமையைச் செய்தது என்று பொருள். அதற்குப் பதிலாகச் செப்பு நரம்பையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ சுற்றிவிட்டால், அடுத்த முறை உருகுவது வயரே. அதற்கு மேலே இருப்பது பெட்ரோல் தொட்டி. பெருந்தொழிற்சாலைகளே இத்தகைய குறைகளை எளிதாகக் கருதுவதில்லை. 2021 மே மாதத்தில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம், இக்னிஷன் காயிலில் கண்ட குறையால் அரிதாக மின்கசிவும் நேரக்கூடும் என்று தானே அறிவித்து, 2,36,966 வண்டிகளைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. பத்தில் ஒன்றுக்கும் குறைவான வண்டிகளுக்கே மாற்று உறுப்பு தேவைப்படும் என்று அறிந்தும் அவ்வாறு செய்தது. நாமோ வெள்ளித் தாளைத் தேடுகிறோம்.

வண்டியின் விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டுமன்று, பிறர் நம்மைப் பார்ப்பதற்கும் ஆகும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,000-க்கும் மேற்பட்டவர் என்றும், அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் என்றும் அரசின் அறிக்கை கூறுகிறது. நம் ஊர்களிலிருந்து மில் வேலைக்கு இரவில் சென்று திரும்புவோரும், வார இறுதியில் மனைவி மக்களோடு வருவோரும் அத்தகைய வண்டிகளில்தான் வருகிறார்கள். ஹெட்லைட் போனால் நமக்கே தெரியும். பின்னாலுள்ள டேஞ்சர் லைட் போனால் ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்னால் வரும் லாரிக்கும் தெரியாது. சிலர் பக்தி மேலீட்டால் அந்தச் சிவப்புக் கண்ணாடியின்மேலேயே வேளாங்கண்ணி மாதாவின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். மாதாவைப் பெட்ரோல் தொட்டிக்கு இடம் மாற்றினால் அவர் வருந்த மாட்டார் என்று நம்புகிறோம்.

வழியில் விளக்கு அணைந்துவிட்டால், முன்னே செல்லும் காரின் வெளிச்சத்தைப் பற்றிக்கொண்டு ஓட்டலாம் என்னும் துணிச்சல் வேண்டாம். வண்டியைத் தாரை விட்டு முழுமையாக இறக்க வேண்டும். இறங்காவிட்டால், மனிதர் முதலில் விலகி நிற்க வேண்டும். குழந்தையை வண்டியின்மேல் உட்கார வைத்துவிட்டுத் தந்தை பிளக்கைக் கழற்றும் காட்சி கூடாது. ஒருவர் சில பத்தடி பின்னே சென்று, சாலையோரத்தில் நின்று, கைப்பேசியின் விளக்கை வருவோர் பக்கம் காட்ட வேண்டும். பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான் உடைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பாட்டரியே இல்லாதபோதும் ஒளி தருவது அது ஒன்றுதான்.

நம் வண்டிக்குப் புதிய கப்ளரும், புதிய பாட்டரியும் போட்டாயிற்று. பிள்ளையின் எல்.இ.டி. விளக்குகள் கழற்றப்பட்டுத் திண்ணை மாடத்தில் கிடக்கின்றன. அவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2024-ஆம் ஆண்டுக் கல்லறைத் திருநாளுக்கும் அருப்புக்கோட்டைக்குச் சென்றோம். புறப்படுமுன் வண்டியைத் திருப்பி, அதன் பின்புறம் வீட்டின் வெள்ளைச் சுவரை நோக்குமாறு நிறுத்தி, பிரேக்கை மிதித்தோம். "எரிகிறதா?" என்று கேட்டோம். சுவரில் சிவப்பாக விழுகிறது என்று பிள்ளை உள்ளிருந்தே குரல் கொடுத்தான்.