நிறுத்திய காரும் திருடர் கண்ணும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூர் பிரியாணிக்காகவும், வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்காகவும் வெளியூர்க் கார்கள் எந்நேரமும் நிற்கும். இங்கே காரைவிட, இருக்கையில் கிடக்கும் லேப்டாப் பைக்குத்தான் ஆபத்து அதிகம். கண்ணாடியை உடைக்கச் சில நொடிகள் போதும். பையை டிக்கியில் வைப்பதானால் புறப்படும்போதே வைத்துவிட வேண்டும். நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறப்பது திருடனுக்கு வழிகாட்டுவதே. "பணம் கீழே கிடக்கிறது", "ஆயில் ஒழுகுகிறது" என்று யாராவது சொன்னால், இறங்கியதும் கதவுகளைப் பூட்டிவிட்டே பார்க்க வேண்டும். சிப் வைத்த சாவியோடு வரும் இம்மொபிலைசர், போலிச் சாவிக்கு எஞ்சினை இயங்க விடாது. ஸ்டியரிங் பூட்டு மலிவான கூடுதல் காவல். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கார் திருட்டுக்கு இழப்பீடு கிடைக்காது. முழுக் காப்பீட்டிலும் உள்ளே வைத்த நகை, லேப்டாப் பொதுவாகச் சேராது. திருட்டு நடந்தால் 112ஐ அழைத்து, முதல் தகவல் அறிக்கை பெற்று, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.