போத்தலில் பழைய பெயர், ஆலைக்குப் புதிய முதலாளி

பேரங்காடிகளில் 'கிராஃப்ட் பியர்' என்ற பெயரில் விதவிதமான போத்தல்கள் விற்கப்படுகின்றன. சிறிய ஆலையில், குறைந்த அளவில், தயாரிப்பாளரின் சொந்தச் செய்முறைப்படி காய்ச்சப்படுவது என்று பொதுவாக நம்பப்படுகிறது. அதனால் விலையும் கூடுதல். ஆனால் அந்தச் சிறிய ஆலை இப்போது யார் கையில் இருக்கிறது என்பதைப் போத்தலைப் பார்த்து எளிதில் அறிய முடியாது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1988ல் ஜான் ஹால் என்பவர் தொடங்கியது 'கூஸ் ஐலண்ட்'. பட்வைசர் தயாரிக்கும் ஏபி இன்பெவ் நிறுவனம் 2011ல் அதை 38.8 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இத்துறையில் 'இணைப்பு' என்ற சொல் அடிக்கடி அடிபட்டாலும், இரு சமமானவர்கள் கைகோப்பது குறைவு. பெரியவர் சிறியவரை வாங்குவதே அதிகம்.

சிறிய ஆலைகள் ஏன் விற்கின்றன? பியருக்குப் பெயர் கிடைத்துவிட்டால் கூடுதல் கலன்கள் வேண்டும், கடன் வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் விநியோகிப்பாளர் வழியாகத்தான் கடைக்குச் சரக்கு போகும். கடை அலமாரியில் இடம்பிடிக்கும் வலிமை பெரிய நிறுவனங்களின் விநியோகிப்பாளர்களுக்கே அதிகம். வாங்குபவருக்கும் ஒரு கணக்கு உண்டு. வழக்கமான பியரின் விற்பனை மந்தமடையும்போது, புதிய பெயரை வளர்ப்பதைவிட வளர்ந்த பெயரை வாங்குவது விரைவு.

சில நேரம் இது வேடிக்கையாகவும் முடியும். 2015 ஜனவரியில் சியாட்டலின் 'எலிசியன்' ஆலையை வாங்குவதாக ஏபி இன்பெவ் அறிவித்தது. அடுத்த மாதம் ஒளிபரப்பான பட்வைசர் விளம்பரம், பீச் பழமும் பூசணியும் சேர்த்த பியர் குடிப்பவர்களைக் கிண்டலடித்தது. அப்படிப்பட்ட பியரைத் தயாரித்த ஆலைகளில் எலிசியனும் ஒன்று!

பெரும்பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் லாபம் பார்க்கவில்லை. சான் டியேகோவின் 'பேலஸ்ட் பாயிண்ட்' ஆலைக்கு 2015ல் கான்ஸ்டலேஷன் நிறுவனம் ஏறத்தாழ ஒரு பில்லியன் டாலர் கொடுத்தது. 2019 டிசம்பரில் இலினாய் மாநிலத்தின் மிகச் சிறிய ஆலை ஒன்றுக்கு அதை விற்பதாக அறிவித்தது. விலை வெளியிடப்படவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊருக்கு ஊர் புதிய ஆலைகள் முளைத்திருந்தன. நாடு முழுவதும் கிடைக்கும் 'சிறிய' பியரைவிட, பக்கத்துத் தெருவில் காய்ச்சியதையே பலர் நாடினர். வாங்கியவர் விலை கொடுத்தது அந்தச் சிறுமைக்குத்தான். வாங்கியதும் அதுவே கரைந்துபோனது என்றுதான் தோன்றுகிறது.

2023ல் ஏபி இன்பெவ்வும் எட்டு பானச் சின்னங்களை டில்ரே நிறுவனத்திடம் 85 மில்லியன் டாலருக்கு விற்றது. டில்ரே கஞ்சா வர்த்தகத்தில் பெயர்பெற்ற கனடிய நிறுவனம்.

யார் கிராஃப்ட் பியர் தயாரிப்பாளர் என்பதற்கு அமெரிக்க மதுவடிப்பாளர் சங்கம் வரையறை வைத்திருக்கிறது. ஆண்டு உற்பத்தி 6 மில்லியன் பீப்பாய்க்கு மிகக்கூடாது. கிராஃப்ட் பியர் தயாரிக்காத மதுபான நிறுவனத்தின் பங்கு 25 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தலைகீழான போத்தல் வடிவில் ஒரு முத்திரையையும் 2017ல் சங்கம் அறிமுகப்படுத்தியது. ஆறு மில்லியன் பீப்பாய் எப்படிச் 'சிறியது' ஆகும் என்ற கேள்வி நியாயமானதே.

சிங்கப்பூரில் கதை வேறு திசையில் போனது. 1930களில் ஜெர்மானிய முதலீட்டில் இங்கு இயங்கிய ஆர்க்கிபெலகோ ஆலை, இரண்டாம் உலகப் போரின்போது எதிரிச் சொத்தாகக் கைப்பற்றப்பட்டு, டைகர் பியர் தயாரித்த மலாயன் புரூவரீஸ் வசம் வந்தது. அந்நிறுவனமே பின்னாளில் ஏஷியா பசிபிக் புரூவரீஸ் ஆனது. 2006ல் அது ஆர்க்கிபெலகோ பெயரைத் தூசு தட்டி கிராஃப்ட் பியராக வெளியிட்டது. அதாவது இங்கே பெரிய நிறுவனம் சிறிய ஆலையைத் தேடிப்போய் வாங்கவில்லை. தன்னிடமிருந்த பழைய பெயரிலிருந்து ஒன்றை உருவாக்கிக்கொண்டது. 2012ல் ஏஷியா பசிபிக் புரூவரீஸில் ஃபிரேசர் அண்ட் நீவ் வைத்திருந்த பங்குகளை ஹைனக்கன் 5.6 பில்லியன் வெள்ளிக்கு வாங்கியபோது, டைகருடன் சேர்ந்து ஆர்க்கிபெலகோவும் டச்சு நிறுவனத்தின் கைக்குப் போனது.