ஒரு பகல் கடலுக்கு இரண்டு இரவுப் பயணம்

தக்காணப் பீடபூமியின் தென்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் பெங்களூரு, கிழக்கே சென்னைக்கும் மேற்கே மங்களூருக்கும் சாலைவழியில் ஏறத்தாழ ஒரே தொலைவில், அதாவது சுமார் 350 கிலோமீட்டரில், இருக்கிறது. கணக்கின்படி இரு கடல்களும் இந்நகரத்தாருக்குச் சமமானவை. ஆயினும், விவேக் நகருக்கும் நீலசந்திராவுக்கும் பக்கத்தில் தமிழர் செறிந்து வாழும் ஆஸ்டின் டவுனில் ஒரு குடும்பம் கடலுக்குப் புறப்படுகிறது என்றால், அது பெரும்பாலும் மெரினாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ புதுச்சேரிக்கோ வேளாங்கண்ணிக்கோ உரிய பயணமாகவே இருக்கும்.

இதற்கு நில அமைப்பும் ஒத்துழைக்கிறது. கோரமங்கலப் பள்ளத்தாக்கு எனப்படும் வடிநிலத்தின், அதாவது மழைநீர் ஒரே திசையில் வடிந்து சேரும் நிலப்பரப்பின், மேற்சரிவில் ஆஸ்டின் டவுன் அமைந்துள்ளது. அங்கு விழும் மழை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் இறங்கித் தென்பெண்ணையைச் சேர, நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் அந்த ஆறு ஓசூரையும் சாத்தனூர் அணையையும் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. நகரின் கழிவும் அதே வழியில் இறங்கி, ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்குவது, கடலை விரும்பும் ஒரு நகரம் வெட்கப்பட வேண்டிய காட்சியாகும்.

ஆனால் மனிதர்களைக் கிழக்கே இழுத்தது சரிவு மட்டுமன்று. 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய படைமுகாமான கண்டோன்மென்ட்டை அடுத்து, சென்னை மாகாணத்தின் வடார்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து படைவீரர்களும் கொத்தனார்களும் வணிகர்களும் வீட்டுப் பணியாளர்களும் வந்து குடியேறினர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை ரயில்பாதை திறக்கப்பட்டபோது, அக்குடும்பங்களுக்குச் சொந்த ஊரும் அதற்கப்பால் கடலும் ஒரே தடத்தில் அமைந்தன. மேற்கே நிலைமை வேறு: சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யா ரோடு நிலையத்துக்கும் இடையில் மலையைக் குடைந்து 57 சுரங்கங்களுடன் அமைக்கப்பட்ட பாதை, 1979இல்தான், அதாவது ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான், முழுமை பெற்றது. ரயில் முந்திச் சென்ற திசையில்தான் உறவும் பழக்கமும் வேரூன்றின என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

இத்தகைய கடற்கரைப் பயணத்தை 'ஒருநாள் ட்ரிப்' என்று அழைப்பது வழக்கமாயினும், உண்மையில் அது இரண்டு இரவுகளும் ஒரு பகலும் கொண்டதாகும். விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்போர் சனிக்கிழமை இரவு ரயிலிலோ வேனிலோ ஏறி, ஞாயிறு முழுவதையும் கரையில் கழித்து, திங்கள் காலை வேலைக்குத் திரும்புகின்றனர். இந்த நேரக் கணக்குக் கீழைக் கரைக்கே பொருந்துகிறது. இரவுப் பயணம் முடியும் விடியற்காலையில் கதிரவன் கடலிலிருந்து எழும் காட்சி அங்குதான் கிடைக்கும். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் செல்லும் வண்டி சென்னையையும், கிருஷ்ணகிரியில் பிரிந்து திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகச் செல்லும் வண்டி புதுச்சேரியையும் அடைகின்றன. கெடாது என்பதால் தூக்குச்சட்டியில் புளிச்சோறு, நனைந்த துணிக்குத் தனிப் பை, பின்னிருக்கையில் குடிநீர்க் கேன் எனப் பெண்கள் முந்தைய நாளே எடுத்துவைக்கின்றனர். திரும்பும்போது கண்ணேறு கழிக்க ஒரு பாட்டில் கடல்நீரும் வண்டியில் ஏறுகிறது.

வேளாங்கண்ணிப் பயணம் இவற்றினும் தனித்தன்மையுடையது. 1962இல் பசிலிக்கா எனும் சிறப்புத் தகுதி பெற்ற அத்திருத்தலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவுக்கு, காவி உடுத்து நடந்தே செல்லும் பக்தர்களும் உண்டு. குழந்தை இயேசு திருத்தலம் அமைந்த விவேக் நகரை அண்டி வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அங்கே கடலில் குளிப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. நேர்த்திக்கடனின் ஒரு பகுதியும் ஆகும். 2004 டிசம்பர் 26 காலையில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியபோது உயிரிழந்தோரில் வெளியூர்களிலிருந்து வந்த பக்தர்கள் பலர் இருந்தனர்.

அத்தகைய பேரழிவு அரிது. ஆனால் உள்நாட்டு மக்களை ஒவ்வோர் ஆண்டும் அமைதியாகப் பறித்துச் செல்லும் வேறோர் ஆபத்து உண்டு. உடைந்த அலைகள் கரையில் குவிக்கும் நீர், மணல்திட்டுகளுக்கு இடையிலுள்ள தாழ்வான வழியாகக் குறுகிய, வேகமான ஓட்டமாகக் கடலுக்குத் திரும்புகிறது. இழுப்பு என்று கூறப்படும் அவ்வோட்டத்தில் அலை அதிகம் உடைவதில்லை; நுரை குறைந்து, நீர் சற்றுக் கலங்கியும் சலனமற்றும் தோன்றும். கடல் பழகாத ஒருவர் பிள்ளையுடன் இறங்க அதுவே ஏற்ற இடம் என்று எண்ணிவிடுகிறார். கிணற்றிலும் ஏரியிலும் நீந்தத் தெரிந்தவர்களும் இதில் தோற்கின்றனர். ஏனெனில் கரையை நோக்கி நேராக நீந்தி, எதிரோட்டத்தில் வலுவிழக்கின்றனர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் ஓட்டத்தின் அகலத்தைக் கடந்து வெளியேறிவிட முடியும்; நீந்த இயலாதோர் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழையால் வங்கக் கடல் சீறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில்தான் கர்நாடகத்தின் தசரா விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் வருகின்றன என்பது இவ்வாபத்தைக் கூட்டுகிறது. மெரினாவில் குளிக்கத் தடை இருப்பதும், காவலர்கள் விசில் ஊதி விரட்டுவதும் வேனிலிருந்து இறங்கிய பின்னரே பலருக்குத் தெரியவருகின்றன. அவ்வளவு தொலைவு வந்தவர்கள் அந்த நேரத்தில் கேட்பதும் அரிது. நீரின் தரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்காக வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற தமிழ்நாட்டுக் கோவளம், புதுச்சேரியின் ஈடன் கடற்கரை ஆகியவை குளிக்க விரும்புவோருக்கு மேலான தேர்வுகளாகும். எச்சரிக்கைப் பலகைகள் கரையில் மட்டும் நின்றால் போதாது. வண்டி புறப்படும் தெருவிலுள்ள தேவாலய அறிவிப்புப் பலகையிலும், கோயில் வாசலிலும், வேன் உரிமையாளர் தரும் பயணச் சீட்டிலும் அந்த எச்சரிக்கைகள் தமிழிலும் கன்னடத்திலும் இடம்பெற வேண்டும்.