மாத்திரை மேல் விழுந்த பழி

முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால், தங்கள் கல்யாணத்தையும் இங்கேயே முடிக்க வேண்டும் என்று வருகிற குடும்பங்கள் அத்தனை. அப்படி மாலை மாற்றிக்கொண்ட தம்பதிகளில் பலருக்கு இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு சங்கடம் வருகிறது. கணவருக்குப் பிரஷர் இருப்பது தெரிகிறது. மாத்திரை தொடங்குகிறார். சில மாதங்களில் தாம்பத்தியம் முன்னைப்போல் இல்லை. 'எல்லாம் இந்த மாத்திரையால்தான்' என்று அவரே முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்.

மாத்திரை கிடைப்பதில் இன்று பெரிய சிரமமில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார், மாத்திரையும் கொடுக்கிறார். அருமையான ஏற்பாடு. ஆனால் பக்கத்தில் மகள் நிற்க, அம்மா திண்ணையில் உட்கார்ந்திருக்க, ஐம்பது வயது மனிதர் இந்த விஷயத்தை அந்தத் தன்னார்வலரிடம் எப்படிச் சொல்வார்? 'மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாண்ணே?' 'சாப்பிடுறேம்மா.' அதோடு பேச்சு முடிந்துவிடும். கருவியில் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

மாத்திரை மேல் விழும் பழி முழுப் பொய்யும் அல்ல. அந்தக் கதையில் நம் நாட்டுக்கே பங்கு உண்டு. மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1949-ல் ஒரு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். அழுத்தம் குறைந்தது உண்மை. கூடவே சிலருக்கு மனச்சோர்வு வந்தது, ஆசை வற்றியது, விறைப்பும் போனது. நரம்பு முனைகளில் சேமித்திருக்கும் வேதிப்பொருட்களையே அந்த மருந்து காலிசெய்துவிடும். பிரஷர் மாத்திரை என்றாலே ஆண்மை போய்விடும் என்ற பயத்துக்கு அந்தக் காலத்து மருந்துகளே வலுவான காரணம் கொடுத்தன.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆணுறுப்புக்குள் கடற்பஞ்சு போன்ற திசு இருக்கிறது. சாதாரண நேரத்தில் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் தசை இறுகியே இருக்கும். கிளர்ச்சி ஏற்பட்டதும் நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. தசை தளர்கிறது, ரத்தம் பாய்கிறது, வீங்கிய திசு வெளியேறும் சிரைகளைத் தானே நசுக்கி அடைக்கிறது. வரத்துக்கால் திறந்து மடை மூடினால் திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாய் நிரம்புவது மாதிரிதான். ஒரு வாயு உடம்புக்குள் தூதனாக வேலை செய்கிறது என்று கண்டறிந்த ஃபர்ச்கோட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உயர் ரத்த அழுத்தம் முதலில் கெடுப்பது இந்த உட்சுவரைத்தான். சர்க்கரையும் பீடி சிகரெட்டும் சேர்ந்தால் சேதம் இன்னும் வேகம். அதாவது மாத்திரை தொடங்கும் முன்பே நோய் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போகும் குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர். சிறியது முதலில் திணறுகிறது. நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று வருடம் முன்பே பலருக்கு விறைப்புக் குறைவு வந்துவிடுகிறது. வெட்கப்பட்டு மறைப்பவர், இதயம் கொடுத்த முன்னறிவிப்பையும் சேர்த்தே மறைக்கிறார்.

மனதின் பங்கும் சின்னதல்ல. 2003-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் 96 ஆண்களுக்கு அட்டினலால் என்ற பிரஷர் மாத்திரையைக் கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்று தெரியாதவர்களில் 3.1 சதவீதம் பேர்தான் விறைப்புக் குறைவு என்றார்கள். மாத்திரையின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் அது 15.6 சதவீதம். பெயரோடு பக்கவிளைவையும் சொல்லிக் கொடுத்தவர்களில் 31.2 சதவீதம். பிறகு குறை சொன்னவர்களுக்கு விறைப்புக்கு உதவும் சில்டினாஃபிலும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. அதற்காக அவர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆகாது. பயம் வந்தால் இறுக்கும் நரம்புகள் விழித்துக்கொள்ளும், குழாய் நிஜமாகவே சுருங்கும்.

சில மாத்திரைகள் மேல் சந்தேகம் நியாயமானது. நீர் பிரிய வைக்கும் தயசைடு வகை, அட்டினலால் போன்ற பழைய பீட்டா பிளாக்கர்கள், ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலேக்டோன் ஆகியவை அவை. அமெரிக்காவில் லேசான பிரஷர் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களில் இரண்டாம் ஆண்டில் 17.1 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 8.1. நான்காம் ஆண்டில் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. அம்லோடிபின், எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவற்றால் பெரும்பாலும் தொந்தரவில்லை. ஆகவே டாக்டர் மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. அவருக்குத் தெரிய வேண்டியது, குறை மாத்திரைக்கு முன்பு தொடங்கியதா, பின்பா, எத்தனை வாரத்தில் என்பது. அட்டினலால் போன்றதைத் திடீரென்று நிறுத்தினால் நாடித்துடிப்பு எகிறும். இதய நோய் இருப்பவருக்கு மாரடைப்பே வரலாம்.

பெண்களும் இதே மாத்திரைகளைத்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் ஆசை குறையலாம், வறட்சியும் வலியும் வரலாம். ஆனால் ஆய்வுகளில் பெரும்பகுதி ஆண்களைப் பற்றியவை. இந்த அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை.

டாக்டரிடம் வாய் திறக்காதவர், 'ஆண்மைக்குறைவா?' என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் போகிறார். அல்லது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் சில்டினாஃபில் வாங்குகிறார். நெஞ்சுவலிக்குத் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்து 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. பிரஷர் உள்ள பலரும் டாக்டர் சொல்படி அதைச் சாப்பிடலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் மட்டும் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். சில்டினாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள் நெஞ்சு வலித்தால், வந்து நிற்கும் 108 ஊழியரிடம், மனைவி பக்கத்தில் இருந்தாலும் பிள்ளைகள் இருந்தாலும், முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.