காதுக்கு என்ன விலை?

நெய்வேலி நகரியத்தில் வசிக்கும் நம் நண்பர், முப்பது வருஷம் கணக்கு உபாத்தியாயராக இருந்தவர். இப்பொழுது பேரன் "சட்டை" என்றால் அவர் செவியில் "கட்டை" என்று விழுகிறது. காதுக் கருவிக்குக் கடையில் எழுபதினாயிரம் ரூபாய் கேட்டார்களாம். "பென்ஷனைக் காதில் மாட்டிக்கொண்டு அலையவா?" என்று திரும்பிவிட்டார். பிறகு சில நூறு ரூபாய்க்கு ஓர் ஒலிபெருக்கியைத் தபாலில் வரவழைத்தார். மின்விசிறி இடிபோல் முழங்கிற்று. பேரன் பேச்சு மட்டும் விளங்கவில்லை!

அதற்குக் காரணம் உண்டு. முதுமையாலும் இரைச்சலாலும் பழுதுறும் செவி, பெரும்பாலும் முதலில் இழப்பது உச்ச ஒலிகளையே. 'ச' போன்ற மெல்லிய உரசலொலிகள் அங்கேதான் இருக்கின்றன. எல்லா ஒலியையும் ஒரே அளவாய்ப் பெருக்கினால் சந்தடிதான் பெருகும். ஆகவே முதலில் செவிச் சோதனை. பிறகு அந்த வரைபடத்துக்கு இசையத் திருத்திய கருவி. குறும்பியை எடுத்தாலே காது திறந்துவிடும் பாக்கியசாலிகளும் உண்டு!

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாக, சான்று பெற்றவர்களுக்குத் தமிழ்நாடு அரசு காதுக்குப் பின் அணியும் கருவியை இலவசமாய் வழங்குகிறது. மத்திய சர்க்கார் 1981 முதல் நடத்தும் உதவித் திட்டத்தில், கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் கருவிகள் வருமானம் குறைந்தோருக்குக் கிடைக்கின்றன.

"இலவசமா? எனக்கா?" என்று நண்பர் முகம் சுளித்தார். பேரன் ஏதோ சொன்னான். அவர் காதில் விழவில்லை. மறுநாள் காலை, செவிச் சோதனைக்காக மூவருமாகக் கடலூர் பஸ் ஏறினோம்.