ஆறு மில்லிமீட்டர் வெல்டிங்

"பத்து டன் கிரேன் சார் இது. ஒரு நாளும் ஓவர்லோடு ஏத்தினதில்ல. கர்டருக்கு என்ன ஆகப்போகுது?" கிரேன் ஓடும் கேன்ட்ரி கர்டர்களில் விரிசல் தேடுவது என் தொழில். பட்டறை முதலாளிகள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் இரும்பு உடைய ஓவர்லோடு தேவையே இல்லை. தாங்கக்கூடிய பாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினாலே போதும்.

மணிக்குப் பத்து முறை தூக்கும் கிரேன், இரண்டு ஷிப்ட், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 48,000 முறை ஆகிறது. இருபது வருடத்தில் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு முறையும் கர்டரின் அடிப்பட்டை இழுபட்டு, மறுபடி பழைய நிலைக்கு வருகிறது. அளந்து பார்த்தால் வளைவு எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் வெல்டிங்கின் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் இருந்தால் இழுவிசை அந்த இடத்தில் குவியும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே பிறக்கும். ஆரம்பத்தில் ஒரு தூக்கலுக்கு அது நகர்வது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். வளர வளர வேகம் கூடும்.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர். அவருக்கு முன், 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் என்ஜினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடி ஓடி இரும்பின் தன்மையே மாறிவிடுகிறது என்றுதான் அன்று பலரும் நம்பினார்கள். வோலர் அச்சுகளை லட்சக்கணக்கான முறை சுழற்றிப் பார்த்து, உச்ச பாரத்தைவிட ஏற்ற இறக்கத்தின் அளவும் எண்ணிக்கையுமே ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்று காட்டினார். வெல்டிங் இணைப்பில் அந்த ஏற்ற இறக்கம் இரட்டிப்பானால் ஆயுள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இதில் பலர் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. விலை அதிகமான, வலு கூடிய ஸ்டீலை வாங்கிப் போட்டாலும் வெல்டிங் இணைப்பின் ஆயுள் அநேகமாகக் கூடாது. விரிசல் வளரும் வேகம் சாதா ஸ்டீலிலும் உயர்ரக ஸ்டீலிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்முடைய ஐ.எஸ். 800 விதிநூலும் இந்த விஷயத்தில் இணைப்புகளை அவற்றின் வடிவத்தையும் வெல்டிங்கையும் வைத்தே தரம் பிரிக்கிறது.

ஒரு சிறு வெல்டிங் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வட கடலில் நார்வேயின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற மிதக்கும் மேடை இருந்தது. ஐந்து கால்கள் கொண்ட அந்த மேடையில் பணியாளர்கள் தங்கியிருந்தார்கள். 1980 மார்ச் 27 மாலை, புயலில் ஒரு கால் பிய்ந்து போனது. சுமார் இருபது நிமிடத்தில் மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டார்கள். கால்களை இணைத்த பெரிய குழாய் ஒன்றில், கடலடி ஒலி வாங்கும் சிறு கருவியைப் பொருத்த ஒரு வளையத்தை வைத்து வெல்டு அடித்திருந்தார்கள். வெறும் 6 மில்லிமீட்டர் ஃபில்லெட் வெல்டு. மேடையின் பாரத்தைத் தாங்கும் வேலை அந்த வளையத்துக்கு இல்லை. அதனாலேயே யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. விரிசல் அங்கேதான் தொடங்கியது. உடைந்த பரப்பில் பெயின்ட் இருந்ததை விசாரணையில் கண்டார்கள். அதாவது, மேடை கடலுக்குப் போகும் முன்பே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. ஒவ்வோர் அலையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியிருக்கிறது.

நிலநடுக்கத்தின் கணக்கு வேறு. அங்கே லட்சம் முறை வேண்டாம். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்பதுபோலச் சில பெரிய ஆட்டங்களே போதும். 1994இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பின் நிமிர்ந்து நின்ற பல ஸ்டீல் கட்டடங்களில் உறையைப் பிரித்துப் பார்த்தபோது, உத்தரமும் தூணும் சேரும் வெல்டிங்குகள் வெடித்திருந்தன.

விரிசலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எல்லா நேரமும் வேண்டியதில்லை. பெயின்ட்டைச் சுரண்டி, துடைத்து, சிவப்புச் சாயத்தை ஸ்ப்ரே செய்து பத்து நிமிடமாவது விடுவேன். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரை மேலே அடித்தால், வெல்டிங்கின் ஓரத்தில் தலைமுடி கனத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். நான் பார்த்தவற்றில் பல, கர்டரின் சொந்த வெல்டிங்கில் வந்தவை அல்ல. ஒயர் பைப் தாங்க யாரோ ஒட்டிய ஆங்கிள் துண்டு, செயின் பிளாக் மாட்ட அடித்த கொக்கி, பிறகு அறுத்தெடுத்து கிரைண்டிங் செய்யாமல் விட்ட டேக் தழும்பு. ஐந்து நிமிட வேலை என்று நினைத்துச் செய்தவை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அந்தக் கர்டருக்குக் கீழேதான் ஆட்கள் நின்று வேலை பார்க்கிறார்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் வெல்டர் தம்பிகளுக்கும் சொல்கிறேன்: கிரேன் ஓடும் கர்டரின் அடிப்பட்டையில் எதையும் வெல்டு அடிக்காதீர்கள். ஏதாவது மாட்டியே ஆகவேண்டும் என்றால் கிளாம்ப் போட்டு போல்ட் முடுக்குங்கள். ஏற்கெனவே அடித்த துண்டு இருந்தால் அதை மூடிப் பெயின்ட் அடிக்கும் முன் ஒரு முறை சாயச் சோதனை செய்து பாருங்கள்.